பூனைதானே, பொழச்சுக்கும்!

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இன்னைக்கும் வந்திருக்க மாட்டேன். எங்க மாடி வீட்டு வாசல்ல உட்கார்ந்து நாலு நாள் கத்தின ஒரு ஜீவன் எழுத வெச்சிடுச்சு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்குக் கொஞ்சம் சூடாவே இருக்கேன்.

நீலசந்திரா தெரியாதவங்களுக்காக ஒரு வரி. பெங்களூர்ல ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஆனேபாளையாவுக்கு நடுவுல இருக்கற ஏரியா. காய்கறி வண்டிக்காரர் முதல் பூக்காரம்மா வரைக்கும் தமிழ்லயே காலத்தை ஓட்டிடலாம். வீடுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒரு பூனை நினைச்சா தெருவுல கால் வைக்காம மொட்டை மாடி வழியாவே பத்து வீடு போயிடும்.

எங்களுக்கு மேல் வீட்டுல ஒரு சேலத்துக் குடும்பம் இருந்தது. நல்ல மனுஷங்க. ஊருக்குப் போய் வந்தா எங்களுக்கும் மாம்பழம் வரும். அவங்க ஆறு வயசுப் பொண்ணு பூனை வேணும்னு அழுததுன்னு ஒரு சின்னக் குட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. கழுத்துல ரிப்பன், புஜ்ஜின்னு பேரு, தினம் ஒரு போட்டோ. ஏழு மாசம் ஆச்சு. ஹைதராபாத்துக்கு மாற்றல். சனிக்கிழமை லாரி வந்தது. பிரிட்ஜ் போச்சு, கட்டில் போச்சு, துளசித் தொட்டி போச்சு, தண்ணி பிடிக்கற நீல டிரம் கூடப் போச்சு.

"சார், பூனை?"ன்னு கேட்டேன்.

"அது பூனைதானே சார், பொழச்சுக்கும்" அப்படின்னார்.

அது பொழைக்கல. நாலு நாள் பூட்டின கதவு முன்னாடியே உட்கார்ந்திருந்தது. மாடிப்படியில யார் ஏறி வந்தாலும் எழுந்து நிக்கும். நாங்கன்னு தெரிஞ்சதும் மறுபடி உட்கார்ந்துடும். தெருப் பூனைகள் வந்து காதைக் கடிச்சு வெச்சிருந்தது. பிறந்ததுல இருந்து தட்டுல சாப்பிட்ட குட்டிக்கு எலி பிடிக்க யார் சொல்லிக் குடுத்தா? தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட போனா அவர் வயித்தைத் தடவிப் பார்த்துட்டு, "சினையா இருக்கு, ஒரு மாசம் இருக்கும்"னார். விட்டுட்டுப் போனது ஒண்ணு, தெருவுக்கு வரப்போறது நாலோ அஞ்சோ.

இப்ப நான் யோக்கியன்னு நினைச்சுடாதீங்க. 2007ல இதே நீலசந்திராவுல பேச்சிலரா இருந்தப்ப, டெம்போவுக்கு அடியில கத்திக்கிட்டிருந்த ஒரு குட்டியை ரூமுக்குத் தூக்கிட்டு வந்தேன். கண்ணு திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். பூனைன்னா பால்தானே? எவர்சில்வர் மூடியில பாக்கெட் பாலை ஊத்தி வெச்சேன். ராத்திரியே வயித்தால போக ஆரம்பிச்சது. மூணாம் நாள் காலையில விறைச்சுக் கிடந்தது. பசும்பால் அதுக்கு ஆகாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அந்த வயசுக் குட்டிக்குன்னு தனியா பால் பவுடர் இருக்கு. மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடுக்கணும். உடம்பு சில்லுன்னு ஆகாம பார்த்துக்கணும். எல்லாத்துக்கும் மேல, தூக்கறதுக்கு முன்னாடி தள்ளி நின்னு கொஞ்ச நேரம் பார்த்திருக்கணும். தாய்ப் பூனை இரை தேடிப் போயிருக்கும், திரும்பி வந்திருக்கும். நான் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டுத் திருடிட்டு வந்தேன். உபதேசம் பண்ற தகுதி எனக்கில்ல. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்ற கடன் இருக்கு.

முதல்ல "குழந்தை ஆசைப்படுது" கேஸ். குழந்தை ஏரோப்ளேன் கூடத்தான் கேட்குது. ஆறு வயசுக் குழந்தையால பூனை வளர்க்க முடியாது. கொஞ்சத்தான் முடியும். வளர்க்கப் போறது அப்பாவும் அம்மாவும்தான். வீட்டுக்குள்ள ஒழுங்கா வளர்ற பூனை 15 வருஷம் இருக்கும். இன்னைக்கு ஒண்ணாங் கிளாஸ் போற பொண்ணு காலேஜ் முடிக்கற வரைக்கும்! நாம வாடகைக்குப் போடறது 11 மாச அக்ரிமெண்ட். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காம யாரும் குட்டியைத் தூக்காதீங்க.

அடுத்தது கடைப் பூனை. சப்பை மூக்கு, புசுபுசு முடி, பெர்ஷியன்னு ஆயிரக்கணக்கில குடுத்து வாங்கறோம். சப்பை மூக்குன்னா மூச்சு விடறதுல தொல்லை, கண்ணுல எப்பவும் தண்ணி. முடியைத் தினம் சீவலேன்னா சிக்கு விழுந்து தோல் புண்ணாகும். 2018ல வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள்படி கடை பதிவு பண்ணியிருக்கணும், எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விக்கக்கூடாது. காரணம் இருக்கு. கடிச்சா வலிக்கும்னு ஒரு குட்டி கத்துக்கறதே தாய்கிட்டயும் கூடப்பிறந்ததுங்ககிட்டயும்தான். வாங்கப் போறவங்கள்ல எத்தனை பேர் வயசைக் கேட்கறோம்? "சின்னதா, அழகா" இருக்கணும்னுதானே கேட்கறோம்? எல்லாத் தெருவுலயும் பூனை குட்டி போட்டுக்கிட்டே இருக்கு. அதுல ஒண்ணுக்கு வீடு கிடைச்சா குறைஞ்சா போயிடும்?

இப்ப சாப்பாடு. இங்கதான் எனக்கு நிறைய எதிரிங்க வருவாங்க. "நாங்க சைவம், எங்க பூனையும் தயிர் சாதம்தான் சாப்பிடும்"னு பெருமையா சொல்றவங்க உண்டு. பசிச்சா எதையும் சாப்பிடும்ங்க. டாரின்னு ஒரு சத்து இருக்கு. மாமிசத்துல கிடைக்கும். நம்ம உடம்பு அதைத் தானே தயாரிச்சுக்கும். பூனை உடம்புக்கு அந்தத் திறமை ரொம்பக் கம்மி. அது குறைஞ்சா பூனைக்குக் கண்ணு போகும்னு 1970கள்லயே கண்டுபிடிச்சாங்க. இதயம் வீங்கிச் சாகும்னு 1987ல கண்டுபிடிச்சாங்க. உங்க சைவத்துக்கு நான் தலை வணங்கறேன். ஆனா பூனையை அதுல சேர்க்காதீங்க. வீட்டுல மாமிசம் நுழையக்கூடாதுன்னா பூனையே வேண்டாம். முயல் வளர்க்கலாம், கிளி... வேண்டாம், நம்ம நாட்டுக் கிளியை வளர்க்கறது சட்ட விரோதம்.

அசைவக்காரங்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். மீன் குழம்பு மிச்சத்தைச் சோத்துல பிசைஞ்சு வெக்கறோமே, அதுல வெங்காயமும் பூண்டும் கிடக்கு. ரெண்டும் பூனை ரத்தத்துல சிவப்பணுக்களை உடைக்கும். உப்பு, மசாலா போடாம வேகவெச்ச கோழி நல்லது. அதோட பூனைக்குன்னே டாரின் சேர்த்து வர்ற தீனியும் இருக்கணும். தண்ணி எப்பவும் இருக்கணும்.

வீட்டுல இருக்கற விஷங்களைத் தனியா சொல்லிடறேன். பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்குன்னு பாரசிட்டமால் உடைச்சுப் போடாதீங்க. ஒரு மாத்திரை போதும், செத்துடும். தரை துடைக்கற ஃபினாயிலும் ஆகாது. அதுமேல நடந்துட்டு காலை நக்கும், நக்கினது உள்ள போகும். பீரோவுல போடற அந்துருண்டையும் அப்படித்தான்.

கூட்டிட்டு வந்த முதல் நாள் சொந்தக்காரங்களுக்கெல்லாம் காட்டி, கைக்குக் கை மாத்திக் கொஞ்சாதீங்க. ஒரு ரூம் குடுங்க. கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும், ரெண்டு மூணு நாள் வெளிய வராது. வரட்டும், அவசரம் என்ன? ஒரு ஓரத்துல மணல் தட்டு, எதிர் ஓரத்துல சாப்பாடு. கக்கூஸ் பக்கத்துல யாராவது சாப்பிடுவாங்களா? ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை. பூனை நாலு காலும் ஊன்றி விழும்ங்கறது உண்மை. விழுந்தா அடிபடாதுங்கறது பொய். ஆறு எட்டு வாரத்துல தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் வரைக்கும் டாக்டர் சொல்ற இடைவெளியில போடணும். வெறிநாய்க்கடி ஊசி 12 வாரத்துக்கு மேல, பூனைக்கும் உண்டு. கருத்தடை ஆபரேஷன் அஞ்சு மாசத்துக்குள்ள. "பாவம், ஒரு தடவை குட்டி போடட்டுமே"ங்கற தாய்மார்களே, நாலு மாசத்துலயே சினை பிடிக்கும், ரெண்டு மாசத்துல குட்டி. மாடி வீட்டு வாசல்ல நான் பார்த்தது அந்தப் பாவத்தைத்தான்.

இனி சாக்குகள். "ஓனர் விட மாட்டார்." அப்படின்னா முதல்லயே கேளுங்க. எங்க ஓனர் பாட்டி "பெக்கு பேடப்பா"ன்னுதான் ஆரம்பிச்சாங்க. மணல் தட்டைக் காட்டி, நாத்தம் வராதுன்னு வாக்குக் குடுத்து, நான் சம்மதிக்க வெக்க ரெண்டு வாரமாச்சு. "மனைவி மாசமா இருக்காங்க, பூனை ஆகாது." டாக்ஸோபிளாஸ்மா பயம் நியாயமானதுதான். ஆனா அந்தக் கிருமி பூனைக் கழிவுல வந்து, அடுத்தவருக்குத் தொத்தற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தட்டைத் தினமும் சுத்தம் பண்ணணும், கர்ப்பிணி அதைத் தொடக்கூடாது. அதாவது ரங்கமணி சுத்தம் பண்ணணும். உண்மையான பிரச்சினை அதுதானோ? "சகுனம் சரியில்ல." போற வழியில குறுக்க வந்ததால உயிரை விட்ட பூனைங்கதான் ஏராளம்.

வளர்க்கற பிராணியைத் தக்க காரணமில்லாம கைவிடறது குற்றம். 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் சொல்லுது. அந்தச் சட்டத்துக்கு விதை போட்டவங்க மதுரையில பிறந்த நம்ம ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ரா அம்மாதான். 1952ல மாநிலங்களவைக்கு நியமனம் ஆகி, தனிநபர் மசோதாவா கொண்டு வந்து போராடினாங்க. 1962ல அமைஞ்ச விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவங்கதான். அவங்க பட்ட பாட்டுக்கு நாம வெச்சிருக்கற விலை என்ன தெரியுமா? முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும்.  இன்னைக்கு அதுல ரெண்டு காபி குடிக்கலாம். அதனால சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போறதில்ல. மனசுதான் சட்டம்.

மாற்றல் வந்தா என்ன பண்றது? கூட்டிட்டுப் போங்க. ஒரு கூடை, அதுமேல ஒரு துண்டு, கார் பின் சீட். அவ்வளவுதான். விமானத்துலயே கூட்டிட்டுப் போகலாம். ஆகாசா ஏர் 2022 நவம்பர்ல இருந்து ஏத்திக்கறாங்க. போற ஊர்ல டாக்டர் கிடைப்பாரான்னு கவலை வேண்டாம். இங்க ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மாதிரி சென்னையில வேப்பேரி, நெல்லையில ராமையன்பட்டி, அப்புறம் நாமக்கல். முடியவே முடியாதுன்னா, ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு நல்ல வீடு தேடுங்க. லாரி வந்த அன்னைக்குத் தேடாதீங்க. காப்பகத்துல தள்ளிடலாம்னு நினைக்காதீங்க. 1991ல இருந்து இந்த ஊர்ல பாடுபடற கியூப்பா மாதிரி அமைப்புங்க அடிபட்டதுக்கும் அநாதைக்கும் இருக்கறவங்க. வீடிருந்தும் விரட்டினதுக்கு இல்ல.

போன வாரம் அந்த சேலத்துக்காரருக்கு போன் பண்ணினேன். திட்டணும்னுதான் பண்ணினேன். பூனை எங்ககிட்ட இருக்குன்னு சொன்னதும் அவர் பேச்சே வரல. பின்னாடி அந்தப் பொண்ணு குரல் கேட்டது: "அப்பா, புஜ்ஜி லாரியில ஏறிடுச்சாமா? எப்ப வரும்?" அடுத்த லாரியில வரும்னு சொல்லி வெச்சிருக்காங்க. எனக்கும் திட்ட வாய் வரல.

நம்ம எல்லாரையும் ஒருநாள் "பொழச்சுக்குவான்"னு சொல்லித்தான் ஊர்ல இருந்து பஸ் ஏத்தி விட்டாங்க. ஆனா சும்மா விடல. எங்கம்மா புளியோதரை கட்டிக் குடுத்தாங்க. அப்பா ஆஸ்டின் டவுன்ல இருந்த சித்தப்பா விலாசத்தை ரெண்டு பேப்பர்ல எழுதி, ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணுன்னு ரெண்டு பாக்கெட்லயும் வெச்சார். சித்தப்பா கதவு திறந்திருந்தது. அதனாலதான் நான் பொழைச்சேன்.

பூனைக்கு நாம விட்டுட்டுப் போனது பூட்டின கதவு.

டிஸ்கி: புஜ்ஜி நேத்து ராத்திரி தங்கமணியோட காட்டன் புடவை மேல நாலு குட்டி போட்டிருக்கு. நாலும் நல்லா பால் குடிக்குது. எட்டு வாரம் முடிஞ்சு, தடுப்பூசி போட ஆரம்பிச்ச பிறகுதான் குடுப்போம். தாய்க்கு அதுக்கப்புறம் ஆபரேஷன். குட்டி கேட்டு வர்றவங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போறேன்: அடுத்த மாற்றல் எப்ப சார்?