மெட்டுக்கும் தீட்டா?

எழுபதுகளில் வந்த பாப், ரெகே பாட்டுகள்தான் நம் இசையைக் கெடுத்தன என்ற நம்பிக்கை இன்னும் ஊருக்கு ஊர் உலவுகிறது. மேல்நாட்டுச் சரக்கு, பக்தி கிடையாது, வெறும் கூத்து என்பது குற்றப்பத்திரிகை. இதைத் திருத்தணியில் நின்றுகொண்டு சொல்வதுதான் வேடிக்கை.

முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கிருதியான ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ இந்த மலையில் பிறந்தது என்கிறது மரபு. முருகனே முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டு இட்டதாகக் கதை. அதே தீட்சிதர்தான் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர் பெற்ற அவை ஏறத்தாழ 40 இருக்கின்றன. ‘சந்ததம் பாஹிமாம்’ பாட்டின் மெட்டு பிரிட்டிஷ் அரச வாழ்த்தினுடையது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இரண்டையும் சங்கீத உலகம் மடியாகவே ஏற்றுக்கொண்டது.

எதிர்த்தரப்பு இந்த ஊரிலிருந்தே ஒரு சாட்சியைக் கூப்பிடலாம். டிசம்பர் 31 இரவு, திருப்புகழ் பாடியபடி 365 படிகளுக்கும் பூஜை செய்து ஏறும் படித் திருவிழாவை வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கினார். புத்தாண்டு நாளில் வெள்ளைக்காரத் துரைகளிடம் போய்க் கும்பிடுவதை மாற்றுவதே அவர் எண்ணம். ஆனால் அவர் மறுத்தது அந்தக் கும்பிடை. ஆங்கிலத் தேதியை அவர் தள்ளிவைக்கவில்லை. அதையே முருகனுக்கு உரிய நாளாக்கிக்கொண்டார்.

பக்தி கிடையாதா? 1978இல் போனி எம் குழு உலகம் முழுக்கக் கொண்டுபோன ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’, விவிலியத்தின் 137ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970இலேயே அதை ரெகேயாகப் பாடிவிட்டது. நாடு இழந்தவர்களின் அந்தப் புலம்பலை, அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களின் வழிவந்த ராஸ்தஃபாரி சமயத்தினர் தங்கள் வழிபாட்டுப் பாட்டாக்கினார்கள். டிஸ்கோ விளக்குகளை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

மேல்நாட்டுச் சரக்கு என்பதும் பாதிப் பொய். தமிழ் பாப் லண்டனிலிருந்து இறங்கவில்லை, இலங்கையிலிருந்து வந்தது. அறுபதுகளின் இறுதியில் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடினார். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கும் கேலியும்தான் அதன் உயிர். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்தது. அதன் துள்ளல் பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டினுடையது. பைலாவை வளர்த்தவர்களோ போர்த்துகீசியர் காலத்தில் இலங்கைக்கு வந்துசேர்ந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரும் பறங்கியரும். சினிமாவின் தயவில்லாமல், இலங்கை வானொலி வழியாகவே தமிழகத்து வீடுகளுக்குள் இவை நுழைந்தன. ‘சுராங்கனி’யை சினிமாப் பாட்டு என்றே நினைப்பவர்கள் உண்டு. இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அது ஒலித்தது 1977இல். அதற்கு முன்பே அது ஊர்ப் பாட்டாகியிருந்தது.

இசைக் காவலர்களின் தீர்ப்பு பொய்த்ததற்கு முன்னுதாரணமும் உண்டு. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. தடையைத் தளர்த்த 1971 ஆனது. அந்த முப்பது ஆண்டும் நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் ஆர்மோனியம் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் மேல் கோபப்பட உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது: கேட்காமல் எடுத்த மெட்டு. அபா குழுவின் ‘மாமா மியா’ 1975இல் வந்தது. 1977இல் ‘ஹம் கிஸீஸே கம் நஹீன்’ இந்திப் படத்தில் அதே மெட்டு ‘மில் கயா ஹம்கோ சாத்தி’ ஆனது. மெட்டைப் போட்டவருக்குப் பெயரும் பணமும் போய்ச் சேர்ந்தனவா என்ற கேள்வியைச் சினிமாக் கம்பெனிகளிடம் கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, சொந்த மெட்டில் பாடிய நித்தி கனகரத்தினத்தையும் ‘கூத்து’ என்று ஒதுக்கியதுதான் நம் இசைக் காவலர்கள் செய்த காரியம்.