ஊர் சுற்றுவது யாருக்குத் தொழில்?

"வேலையை விடு, பையைத் தூக்கு, கிளம்பு. மற்றதெல்லாம் வழியில் கிடைக்கும்." சாகசப் பயண எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்களுக்கு யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் கிடைக்கிற அறிவுரையின் சாரம் இதுதான். லாரிக்குக் கைகாட்டி ஏறிப் போகலாம். தெரியாத ஊரில் தெரியாதவர் வீட்டுத் திண்ணையில் படுக்கலாம். கிடைத்ததைச் சாப்பிடலாம். திரும்பி வந்து எழுதி, அதிலேயே பிழைக்கலாம். தேவை துணிச்சல் மட்டும்தானாம்.

நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை வருகிறது. வரட்டும், வர வேண்டும். ஆனால் இந்தத் துணிச்சல் எதனால் ஆனது, அதற்கான முதலை யார் யாருக்குப் போட்டார்கள் என்று கேட்காமல் கிளம்பினால், பாதி வழியில் திரும்ப நேரும்போது குறை நம்மிடம்தான் என்று நினைத்துக்கொள்வோம்.

காசிலிருந்து தொடங்குவோம். பயண எழுத்தில் செலவு முன்னால் வரும், வரவு பின்னால் வரும். டிக்கெட், அறை, சாப்பாடு, கேமரா எல்லாமே கைக்காசு. கட்டுரை அச்சாகிச் சன்மானம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வந்தாலும் பெரும்பாலும் அது வழிச்செலவுக்கே காணாது. சுற்றுலாத் துறைகளும் ஹோட்டல்களும் செலவை ஏற்று அழைப்பது ஏற்கெனவே பெயர் எடுத்தவர்களைத்தான். அந்தப் பெயரைச் சம்பாதிக்கும் முதல் சில ஆண்டுகளை யாராவது தாங்க வேண்டும். அப்பாவின் ஓய்வூதியம், சொந்த வீடு, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் என்று சிலருக்குத் தாங்குவதற்கு ஆள் உண்டு. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கி, கல்விக் கடன் தவணையையும் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தையும் சுமப்பவருக்கு அவர் பார்க்கும் வேலைதான் வீட்டின் சேமிப்பு, காப்பீடு, சொத்து எல்லாம். அவரிடம் போய் 'வேலையை விடு' என்று சொல்பவர் தன் வீட்டை வைத்து அவர் வீட்டைக் கணக்குப் போடுகிறார்.

அடுத்து, தங்குமிடமும் ஆள் பழக்கமும். ஊர் சுற்றுவதையே வாழ்க்கையாக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு நூலே எழுதியவர் ராகுல் சாங்கிருத்தியாயன். தமிழில் அது 'ஊர்சுற்றிப் புராணம்'. அவர் சாதியைத் துறந்தவர், பௌத்தத்தைத் தழுவியவர், விவசாயிகள் போராட்டத்தில் நின்று சிறை சென்றவர். அந்த வாழ்வுக்கு நம் வணக்கம். ஆனால் அவர் பிறந்தது கேதார்நாத் பாண்டே என்ற பெயரில், பிராமணக் குடும்பத்தில். இளமையில் பீகாரில் ஒரு வைணவ மடத்தில் சாதுவாகச் சேர்ந்தார். சாது வேடத்தில் போகும் பிராமண இளைஞனுக்கு வட இந்தியா முழுக்க மடங்கள் திறந்திருந்தன. தமிழின் முன்னோடிப் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக உலகைச் சுற்றி வந்த அவரது உழைப்பு அசாத்தியமானது. அதே சமயம், அவர் பிறந்த நகரத்தார் சமூகத்துக்கு பர்மாவிலும் மலேயாவிலும் கடைகளும் விடுதிகளும் இருந்தன. ரங்கூனில் அவர் ஆசிரியராக இருந்த 'தனவணிகன்' அந்தச் சமூகத்தின் இதழ். இவர்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தனி மனிதனின் துணிச்சல் என்று நாம் படிப்பதற்குப் பின்னால் மடமும் சத்திரமும் கடையும் இருந்திருக்கின்றன என்பதைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறேன்.

அந்தச் சத்திரம் எல்லோரையும் உள்ளே விட்டதில்லை. 1904இல் காசிக்குப் போன பெரியாருக்கு, பிராமணர் அல்லாதார் என்பதால் சத்திரத்தில் சோறு கிடைக்கவில்லை. ஈரோட்டில் பெரிய வணிகக் குடும்பத்துப் பிள்ளை அவர். எச்சில் இலையில் மிஞ்சியதை உண்ண நேர்ந்தது. ஒரு சூத்திரருக்கே இந்த நிலை என்றால், பஞ்சமர் என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு?

அதற்கான விடை அண்ணல் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் இருக்கிறது. தன்வரலாற்றுக் குறிப்பாக மட்டுமே நாம் வாசித்துவரும் அந்நூலை ஒருமுறை பயண நூலாக வாசித்துப் பாருங்கள். அதன் முக்கியப் பகுதிகள் எல்லாமே பயணங்கள். 1901இல் சிறுவன் பீமாராவ் கோடை விடுமுறைக்குத் தந்தை வேலை பார்த்த கோரேகாவுக்கு ரயிலில் போகிறான். மசூர் நிலையத்தில் இறங்கியதும், மகார் பிள்ளைகள் என்று தெரிந்து வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கையில் சாப்பாடு இருந்தும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காததால் பட்டினியாகப் படுக்கிறார்கள். பிறகு, வெளிநாட்டுப் படிப்பு முடித்து பரோடாவுக்கு வேலைக்குப் போனவர், பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்குகிறார். சில நாட்களில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்கிறது. 1934இல் தோழர்களோடு எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்பி, வழியில் தௌலதாபாத் கோட்டைக்குப் போகிறார். முகம் கழுவியதில் குளம் தீட்டாகிவிட்டது என்று கூச்சல். கடைசியில், தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலரைக் கூட அனுப்பித்தான் கோட்டையைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள்.

அது சுற்றுலா. கோட்டையையும் குகையையும் பார்க்க ஆசைப்பட்ட மனிதர்களின் சுற்றுலா. வண்டி, விடுதி, தண்ணீர் என்று ஒரு பயணிக்குத் தேவையான மூன்றும் சாதியின் கையில் இருந்ததை இந்நூல் போலப் பதிவு செய்த பயண இலக்கியம் அரிது. ஆனால் பயண இலக்கியம் பற்றிய பேச்சில் இதன் பெயர் வருவதே இல்லை.

சாகசம் என்ற சொல்லையும் இங்கிருந்துதான் திருத்த வேண்டும். 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டினார். எவரெஸ்ட் உயரமும் இல்லை, அண்டார்டிகா குளிரும் இல்லை. வண்டி போகிற பாதையில் வண்டியில் போனார், அவ்வளவுதான். அதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டமும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகத்தான். அதே ஆண்டு, பொதுவழிகளையும் கிணறுகளையும் எல்லோரும் பயன்படுத்தும் உரிமைக்காகச் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். நம் மரபில் பாதையில் நடப்பதே பெரிய சாகசமாக இருந்திருக்கிறது.

அதெல்லாம் அந்தக் காலம் என்பவர்கள், இன்று நம் கிராமங்களைப் பற்றி வருகிற பயணக் காணொளிகளைப் பார்க்கட்டும். பேருந்திலிருந்து இறங்குகிறவர் எந்தத் தெருவுக்குள் போகிறார்? யார் வீட்டு வாழையிலையில் சாப்பிடுகிறார்? 'மண்மணக்கும் கிராமத்து விருந்து' பெரும்பாலும் ஊர்த் தெருவிலேயே முடிந்துவிடுகிறது. சேரிக்குக் கேமரா போவதில்லை. போனாலும் இரங்கல் தொனியில்தான் போகிறது. மாட்டுக்கறி அந்த விருந்தில் இருப்பதில்லை. 'எங்கள் ஊர் விருந்தோம்பல்' என்பது, 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைத்த பிறகு திறக்கிற கதவு. களப்பணிக்குப் போகும் ஆய்வு மாணவர்களில் எங்களுக்குள் ஒரு பிரிவினை உண்டு. இந்தக் கேள்வியை வேடிக்கையான அனுபவமாகச் சொல்பவர்கள் ஒரு பக்கம். அது வருவதற்குள் பேச்சை மாற்றப் பழகியவர்கள் இன்னொரு பக்கம். பெண்ணாகவும் இருந்துவிட்டால், தெரியாத வீட்டுத் திண்ணையில் படுப்பது என்ற அறிவுரைக்கு வேலையே இல்லை.

அப்படியென்றால் நமக்குச் சாகசம் கிடையாதா? 2014 மே 25 அன்று எவரெஸ்ட்டில் ஏறிய மாலாவத் பூர்ணா இதற்குப் பதில் சொல்லிவிட்டார். தெலங்கானாவின் பழங்குடிச் சிறுமி, விவசாயக் கூலிகளின் மகள். வயது 13 ஆண்டு 11 மாதம். கூடவே ஏறிய ஆனந்த் குமார் தலித் மாணவர். இருவரும் அரசு நடத்திய சமூகநல உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள். அப்போது அந்தப் பள்ளிகளின் பொறுப்பில் இருந்தவர் ஆர்.எஸ். பிரவீன் குமார். புவனகிரிப் பாறையிலும் டார்ஜிலிங்கிலும் லடாக்கிலும் பயிற்சி கொடுத்து, செலவையும் ஏற்று அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு மடமும் கடையும் செய்த வேலையை இங்கே அரசுப் பள்ளி செய்தது. முதல் போட்டால் நம் பிள்ளைகள் உலகின் உச்சிக்கே போகிறார்கள்.

அதே பருவத்தில், ஏப்ரல் 18 அன்று, நேபாளப் பக்கப் பனிச்சரிவில் 16 மலைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மற்றவர்கள் ஏறுவதற்காகச் சுமை தூக்கியும் பாதை போட்டும் வந்தவர்கள் அவர்கள். சாகச எழுத்தில் ஏறியவரின் மூச்சுத்திணறல் பக்கம் பக்கமாக வரும், சுமந்தவரின் கூலி வராது. அடிநிலையிலிருந்து வரும் ஒருவர் எழுதினால் முதலில் கண்ணில் படுவது அந்தச் சுமையாகத்தான் இருக்கும். நாம் இந்தத் தொழிலுக்குள் போக வேண்டும் என்று சொல்ல இது ஒன்றே போதுமான காரணம்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. நம்மிடம் கட்டுரை கேட்பவர்கள் வலியை மட்டுமே கேட்கிறார்கள். ஏரியைப் பற்றி, பறவையைப் பற்றி, ரயில் ஜன்னலைப் பற்றி எழுதினால் 'உங்கள் அனுபவம் இதில் இல்லையே' என்கிறார்கள். அழகை ரசிப்பது அவர்கள் வேலை, அடிபட்டதைச் சொல்வது நம் வேலை என்பதும் ஒரு வருணப் பாகுபாடுதான். அண்ணல் கிளம்பியது எல்லோராவைப் பார்க்க. குகையை ரசிக்கும் உரிமையும், குளத்தங்கரையில் நடந்ததை எழுதும் உரிமையும் ஒரே ஆளுக்கு உண்டு. எதை எப்போது எழுதுவது என்பதை எழுதுகிறவரே முடிவு செய்யட்டும்.

செய்யக்கூடிய வேலைகள் சில இருக்கின்றன. 1936இல் நியூயார்க்கின் ஹார்லெமில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர், கறுப்பின மக்கள் அவமானப்படாமல் தங்கவும் சாப்பிடவும் முடிந்த இடங்களைத் திரட்டி ஒரு கையேடு வெளியிட்டார். முப்பது ஆண்டுகள் அது வெளிவந்தது. நம்மிடமும் எல்லா மாவட்டத்திலும் தோழர்கள் இருக்கிறார்கள். மாநாட்டுக்கு வருபவருக்குப் பாய் விரிக்கிற வீடுகள் இருக்கின்றன. அவற்றை எழுதப் போகிறவருக்கும் திறக்கலாம். பெண் பயணிகள் நம்பித் தங்கக்கூடிய வீடுகளைப் பெண் தோழர்களே தேர்ந்து சொல்லலாம். தெலங்கானாவில் நடந்தது தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் நடக்க வேண்டும் என்று அரசிடம் கேட்கலாம். மலையேற்றம், கடல், காடு எல்லாம் நம் பிள்ளைகளின் பாடமாகட்டும்.

எழுத விரும்புகிறவர் இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். பக்கத்து மாவட்டம்கூடப் பயணம்தான். இரண்டு நாள் விடுமுறையில் போய் வந்து எழுதுங்கள். அறை கேட்டபோது என்ன கேட்டார்கள், தண்ணீர் எந்த டம்ளரில் வந்தது, பையைத் தூக்கியவருக்கு என்ன கூலி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மலை அழகாக இருந்தால் அதையும் வஞ்சகமில்லாமல் எழுதுங்கள்.

பதிப்பகமும் இதழும் நடத்தும் தோழர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. கட்டுரை வந்த பிறகு சன்மானம் என்ற வழக்கத்தை இந்த ஒரு விஷயத்திலாவது மாற்றுங்கள். வருடத்துக்கு ஒருவருக்காவது வழிச்செலவை முன்பணமாகக் கொடுத்து அனுப்புங்கள். எங்கே போக வேண்டும், என்ன எழுத வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.