தொண்டர்க்கு வேண்டுவது அருள்தொகையன்று, உரிமைத்தொகை!

கூலிக்கு உழைப்பவன் தொழிலிடத்தில் கையிழந்தால், அவனுக்கு இழப்பீடு தரச் சட்டம் உண்டு. கூலி வாங்காமல் பிறர் உயிர் காக்கப் போனவன் கையிழந்தால் அவனுக்கு என்ன உண்டு? மாலை உண்டு, மேடைப் பாராட்டு உண்டு. படுக்கையில் கிடக்கும் திங்கள்களில் அவன் வீட்டில் அடுப்பெரிய வழி உண்டா? இவ்வினாவை எழுப்பும் தகுதி நாஞ்சில் நாட்டுக்கு உண்டு. இடர் வந்தபோதெல்லாம் அரசு வருமுன் ஊரார் கைகொடுத்த மண் இது.

2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் தாக்கியபோது, இடிபாட்டினின்று மக்களை முதலில் தூக்கியவர் அண்டை வீட்டாரும் அடுத்த ஊராருமே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் மீனவரை நடுக்கடலில் சிதறடித்தது. அரசுத் தேடுதல் போதாதெனக் கண்ட ஊரார், கொந்தளிப்பு அடங்குமுன்னரே தம் படகுகளில் தேடப் புறப்பட்டனர். 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கேரள மீனவரும், 2023 திசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியபோது நம் கடற்கரை மீனவரும், கடலுக்குரிய படகைத் தெருவெள்ளத்தில் செலுத்தினர். இவருள் எவரும் கூலி பேசிக்கொண்டு இறங்கியவர் அல்லர்.

இனிச் சட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், இன்று 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது. அதன் முறை இதுதான்: தொழிலாளி இறந்தால் திங்கள் ஊதியத்தில் நூற்றுக்கு 50 பங்கையும், முற்றிலும் உழைக்க இயலாதவனானால் நூற்றுக்கு 60 பங்கையும் எடுத்து, அவன் அகவைக்குரிய எண்ணால் பெருக்குவர். தொண்டனுக்கு ஊதியம் ஏது? சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியமே! முதலாளி எவன் என்று கேட்டால் அதற்கும் விடையில்லை. ஊதியம் வாங்காமையே அவன் குற்றமாகிவிடுகின்றது.

பேரிடர் நிதி உண்டே என்பர். 2022 முதல் 2026 வரைக்கென நடுவண் அரசு வகுத்த நெறிமுறை, மீட்புப் பணியில் இறந்தோரையும் சேர்த்து, உயிரிழப்புக்கு 4 இலக்கம் உருபா என்றது. உறுப்பிழப்பில் ஊனம் நூற்றுக்கு 40 முதல் 60 வரையெனின் 74,000 உருபா. அதற்கு மேலெனின் இரண்டரை இலக்கம். ஒரு கிழமைக்கு மேல் மருத்துவமனையில் கிடக்கும் கடுங்காயத்துக்கு 16,000 உருபா! முதுகெலும்பு முறிந்து வாழ்நாள் முழுதும் வலைபிடிக்க இயலாத இளைஞனுக்கு இது எத்தனை நாள் அரிசிக்கு ஆகும்?

தொகையினும் கொடியது அதன் பெயர். 'நிவாரணம்' என்பர், 'கருணைத்தொகை' என்பர். வடசொல்லோடு ஆண்டான் உள்ளமும் சேர்ந்து வந்துவிட்டது. கருணை என்பது கொடுப்பவன் விருப்பம், கொடாவிடின் கேட்பதற்கில்லை. நம் தமிழ்ச்சொல்லோ 'இழப்பீடு'. இழந்ததற்கு ஈடு; ஆகவே அஃது உரிமை. ஒக்கியில் நடந்ததை நினைக்க. திசம்பர் 7இல் குழித்துறைத் தொடர்வண்டி நிலையத்தில் மக்கள் திரண்டு மறித்தபின்னரே, இறந்த மீனவர் குடும்பத்துக்கு 20 இலக்கம் என்னும் அறிவிப்பு வந்தது. திரளுக்குச் செவிசாய்ப்பது கருணை. தனியே படுத்துக் கிடக்கும் ஒரு தொண்டனுக்காக எந்த வண்டியை யார் மறிப்பர்?

'ஆப்த மித்ரா' என்று இந்திப் பெயர் சூட்டிய திட்டத்தில் பயிற்சி பெற்ற தொண்டர்க்குக் காப்பீடு உண்டு. நன்று. ஆயின் அது பெயர் பதிந்தோர்க்கு மட்டுமே; அதுவும் காலவரைக்குட்பட்டது. கூக்குரல் கேட்டு ஓடியவன் பதிவேட்டைப் பார்த்துவிட்டா ஓடினான்?

பிற நாட்டார் இச்சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டனர். செருமனியில் தீயணைப்போருள் பெரும்பாலோர் ஊதியமற்ற தொண்டரே. அவர்க்குச் சட்டவழி நேர்ச்சிக் காப்பீடு உண்டு. நேர்ச்சியில் பிறரை மீட்க ஓடும் வழிப்போக்கனுக்கும் அதே காப்பு உண்டு. நியூயார்க்கு மாநிலம் 1956இலேயே தீயணைப்புத் தொண்டர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அவ்வளவு ஏன்? 1962இல் சீனப் போரையொட்டி இங்கு இயற்றப்பட்ட சட்டமே, நெருக்கடிக் காலத்தில் காயமுறும் குடிமைக் காப்புத் தொண்டர்க்கு உதவ வகைசெய்தது. போருக்குப் பொருந்திய அறம் புயலுக்குப் பொருந்தாதா?

நமக்கோ இவ்வறம் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. ஊர்காத்து வீழ்ந்தோர்க்குக் கல் நட்டதோடு தமிழன் நின்றானல்லன். அவர் குடிக்கு நிலமும் ஈந்தான்; 'நெய்த்தோர்ப்பட்டி', 'உதிரப்பட்டி' எனக் கல்வெட்டுகள் அதனைக் கூறும். நெய்த்தோர் என்றால் குருதி. குருதிக்கு ஈடு நிலம்! அண்மைச் சான்றும் நம் மண்ணிலேயே உண்டு. தாய்த்தமிழகத்தோடு இணையப் போராடி 1954 ஆகத்து 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டோர் யாரிடம் கூலி வாங்கினர்? அப்போராட்ட ஈகியரை எல்லைக் காவலர் என ஏற்றுத் திங்கள்தோறும் தொகை வழங்கும் தமிழக அரசு, உயிர் காப்பவரையும் அவ்வாறே ஏற்கத் தடை என்ன?

தொண்டுக்குக் கூலி கேட்பது தொண்டாகாது என்பர் சிலர். நாம் கூலி கேட்கவில்லை. தொண்டன் தன் உழைப்பை ஊர்க்குத் தந்தான். தன் பிள்ளைகளின் சோற்றையும் தரவேண்டும் என்று கேட்க ஊர்க்கு உரிமையில்லை. பொய்க் காயம் காட்டி ஏய்ப்பர் என்பர் வேறு சிலர். ஏய்ப்பவன் தொழிற்சாலையிலும் உளன். அதனால் அங்குச் சட்டத்தை யாரும் கைவிடவில்லை.

தொழிலாளர் இழப்பீடு அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் உள்ளது. ஆகவே தில்லி வாய்திறக்கும் வரை காத்திராமல் தமிழக அரசே சட்டம் இயற்ற முனையலாம். அதில் நான்கு வேண்டும். தொண்டனுக்குத் தொடக்கநிலைத் தீயணைப்பு வீரரின் ஊதியத்தையே ஊதியமாகக் கொண்டு இழப்பீடு கணித்தல் ஒன்று. பதியாதவர்க்கும் ஊரார் சான்றே போதும் எனல் இரண்டு. முழு மருத்துவச் செலவோடு, உழைக்க இயலாத நாள்களின் வருவாயிழப்பையும் ஈடுசெய்தல் மூன்று. விண்ணப்பமும் ஆணையும் தீர்ப்பும் தமிழிலேயே இருத்தல் நான்கு.

அடுத்த புயல் நாள் குறித்து வருவதில்லை. அது வரும்போதும் நம் இளைஞர் கடலில் இறங்கத்தான் போகின்றனர். அவர்கள் கரையேறுமுன் இச்சட்டம் கரையில் காத்திருத்தல் வேண்டும். தமிழுணர்வாளர் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் இதனைக் கேட்க. இரப்பவராக அன்று, உரிமையுடையோராகக் கேட்க!