ஆவியை அளக்கும் கருவியும் ஏர்வாடிச் சங்கிலியும்



சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் எங்கள் மத்ரஸாவின் மேல்வகுப்பு மாணவர் இருவரைக் காணவில்லை. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு இருசக்கர வாகனத்தில் போனவர்கள் ஃபஜ்ருக்குச் சற்று முன்னர்தான் திரும்பினார்கள். கையில் ஒரு கைப்பேசி. இணையத்தில் வாங்கிய ஒரு சிறு கருவி. ஆவி நெருங்கினால் அதன் விளக்குகள் ஒளிருமாம். மலையில் விளக்குகள் ஒளிர்ந்தன என்று நடுங்கியபடி சொன்னார்கள். இரண்டு நாளில் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது. அவன் தாயார் மருத்துவரிடம் போகவில்லை. தாயத்து எழுதுபவரிடம் போனார்.

இதைக் கேட்டு நான் கோபப்பட்டபோது படித்த நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். “ஹஜ்ரத், இதனால் நன்மையும் உண்டு. பிள்ளைகளுக்குப் பயம் தெளிகிறது, எதையும் நேரில் போய் ஆராய வேண்டும் என்ற எண்ணம் வளர்கிறது” என்றார். டில்லியில் 2009-ஆம் ஆண்டு கௌரவ் திவாரி என்பவர் இதற்கென ஒரு சங்கமே தொடங்கியதையும், இன்று தமிழிலும் இத்தகைய காணொளிகளைப் பெருங்கூட்டம் பார்ப்பதையும் எடுத்துச் சொன்னார். நண்பரின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆராய்வது மார்க்கத்துக்கு விரோதமானதன்று. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடராதே. செவி, பார்வை, உள்ளம் அனைத்தும் விசாரிக்கப்படும் என்பது பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36-ஆம் வசனத்தின் கருத்து. நான் கேட்பது ஒன்றே: இவர்கள் செய்வது ஆராய்ச்சியா?

அந்தக் கருவியை எடுத்துக்கொள்வோம். அது மின்காந்தப் புலத்தை அளப்பது. மின்பணியாளருக்கு உதவும் பொருள். பக்கத்தில் கைப்பேசி இருந்தாலே அதன் விளக்குகள் எரியும். நம் பிள்ளைகள் ஒரு கையில் கருவியையும் மறு கையில் கைப்பேசியையும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்! ஆவியோடு பேசும் பெட்டி என்று இன்னொன்றை விற்கிறார்கள். அது வானொலி அலைவரிசைகளை வேகமாகத் தாவிச் செல்லும் கருவி. அறிவிப்பாளரின் அரைச்சொல்லும் பாட்டின் ஓர் அசையும் கலந்து வரும். கேட்பவன் மனம் அதில் தன் அச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

உண்மையாக ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் 1921-இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். பழைய வீடொன்றில் குடியேறிய அவர்களுக்குக் காலடியோசை கேட்டது, உருவங்கள் தெரிந்தன, பிள்ளைகள் சோர்ந்து வாடினார்கள். காரணம், பழுதான கணப்பு உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு. கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் மாண்ட செய்திகளை நாமும் வாசித்திருக்கிறோம். அந்த வீட்டுக்கு இன்றைய ‘ஆய்வாளர்’ வந்திருந்தால் காணொளி கிடைத்திருக்கும், குடும்பம் செத்திருக்கும். இங்கிலாந்தில் விக் டான்டி என்னும் பொறியாளர் தம் ஆய்வுக்கூடத்தில் சாம்பல்நிற உருவம் ஒன்று நிற்பதாக உணர்ந்தார். ஓடிவிடாமல் தேடினார். காதுக்குக் கேட்காத அதிர்வை எழுப்பிய ஒரு விசிறியே காரணம் என்ற முடிவுக்கு வந்து 1998-இல் அதை வெளியிட்டார்.

இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூரை மூத்தவர்கள் அறிவார்கள். அமானுட ஆற்றலை மெய்ப்பிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை எவரும் அதைப் பெறவில்லை. அவர் இறைமறுப்பாளர், அதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட வீடுகளுக்குப் போய் அங்குள்ள மனிதர்களின் துயரத்தை விசாரித்தாரே, அதை நம்மில் எத்தனை பேர் செய்தோம்?

“ஜின் இருப்பது உண்மைதானே?” என்பீர்கள். உண்மையே, அது நம் ஈமானின் பகுதி. ஆனால் நாம் காணாத இடத்திலிருந்து அவர்கள் நம்மைக் காண்கிறார்கள் என அல்அஃராஃப் அத்தியாயம் சொல்லும்போது, சில்லறை விலைக் கருவியால் அவர்களைப் பிடிக்கலாம் என்பது எந்த அகீதா? சுலைமான் நபி (அலை) கைத்தடியில் சாய்ந்தபடி வஃபாத்தானதை, அருகிலேயே உழைத்துக்கொண்டிருந்த ஜின்கள் அறியவில்லை. கைத்தடியைப் பூச்சி அரித்த பிறகுதான் தெரிந்தது. அவர்களிடம் போய் மறைவான செய்தி கேட்பதா?

பெருமானார் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நேர்வதில்லை என்று நபியவர்கள் உடனே திருத்தினார்கள். மகனைப் பறிகொடுத்த துயரத்திலும் ஒரு தவறான நம்பிக்கையை வளரவிடவில்லை.

இந்த மலைக்கு உண்மையான துயரங்கள் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொன்றது மெத்தனால் என்பதைப் பிரேதப் பரிசோதனையும் ஆய்வகமும் சொல்லின. அதுதான் ஆராய்ச்சி. மலைவாழ் மக்களின் கோயிலையும் இடுகாட்டையும் நள்ளிரவில் படம்பிடித்து, ‘ஆவிகள் உலவும் மலை’ என்று பெயர் சூட்டுவது அவர்களை இழிவுபடுத்துவது. நம் கபருஸ்தானில் வேற்றூரார் அப்படி நுழைந்தால் பொறுப்போமா?

கசப்பான பேச்சு ஒன்றும் உண்டு. கருவி விற்பவனைக் கண்டிக்கும் நாம் தாயத்து விற்பவரை ஜமாஅத்தில் முன்வரிசையில் அமர்த்துகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். பேய் பிடித்தது, சூனியம் என்று நம்பியும், எங்கே போவதென்று தெரியாமலும் பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் நோயாளிகளை அங்கே கொண்டுவந்து விட்டன. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடைசெய்கிறது. ஆனால் உறக்கத்தில் உடல் அசையாமல் மார்பு அழுத்தும் நிலையை இன்றும் அமுக்குவான் பேய் என்கிறோம். மருத்துவர்கள் அதை உறக்க முடக்கம் என்பார்கள். ஓதிக்கொள்ளுங்கள், ஆயத்துல் குர்ஸி ஓதுவது சுன்னத். அதோடு மருத்துவரையும் பாருங்கள்.

காய்ச்சல் கண்ட மாணவனை நானே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இரத்தப் பரிசோதனையில் டைபாய்டு என்று தெரிந்தது. இப்போது வகுப்புக்கு வருகிறான். கருவியை என்னிடம் ஒப்படைத்துவிட்டான். மத்ரஸாவில் மின்கம்பி பழுது பார்க்க வருபவரிடம் அதைக் கொடுத்தேன். “சுவருக்குள் கம்பி ஓடுமிடம் பார்க்க உதவும், ஹஜ்ரத்” என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.