கம்பளி முயலும் கழுவேலி நாரையும்



தையல் வகுப்பில் நாம் பின்னும் பிராணிகளை எண்ணிப் பாருங்கள். முயல், வாத்து, பூனைக்குட்டி. எல்லாம் வெளிநாட்டு மாதிரிப் புத்தகத்திலிருந்து வந்தவை. திண்டிவனத்து வெயிலில் கம்பளிச் சட்டையை யார் அணிவார் என்பது வேறு கதை! பிராணி உருவம் பின்னிய ஆடைகளைப் பள்ளிக் கண்காட்சியில் விற்று வனவிலங்குப் பாதுகாப்புக்குத் தரலாம் என்று யோசனை எழுந்தபோது நானும் கை தூக்கினேன். எந்தப் பிராணி என்பதில்தான் எனக்கு மாறுபட்ட கருத்து.

அசாம் மாநிலத்தில் ஹர்கிலா என்றொரு நாரை உண்டு. ஏறக்குறைய ஐந்தடி உயரம், வழுக்கைத் தலை, குப்பைமேட்டில் தீனி. அதை அபசகுனம் என்று எண்ணி, அது கூடு கட்டிய மரங்களையே மக்கள் வெட்டினார்கள். 2007-ஆம் ஆண்டு தாதரா கிராமத்தில் அவ்வாறு ஒரு மரம் சாய்ந்து, குஞ்சுகள் தரையில் விழுந்தன. அதைக் கண்டு கலங்கிய ஆராய்ச்சி மாணவி பூர்ணிமா தேவி பர்மன் ஊர்ப் பெண்களை ஒன்று சேர்த்தார். அவர்கள் அதே நாரையின் உருவத்தைத் தறியில் ஆடைகளிலும் துண்டுகளிலும் நெய்து விற்கலானார்கள். தாதராவிலும் பக்கத்து இரு கிராமங்களிலும் 28 ஆக இருந்த கூடுகள் 250-க்கு மேல் பெருகின. 2022-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு பர்மனுக்கு விருது அளித்தது.

துணி விற்ற பணம் மட்டும் இதைச் சாதித்திருக்குமா? தான் வெறுத்த பறவையைத் தன் கையாலேயே நெய்து, அதை உடுத்திக்கொண்டு திருமண வீட்டுக்குப் போகிற பெண், அதன் மரத்தை வெட்ட விடுவாளா? கம்பளி முயலை எல்லோருக்கும் பிடிக்கும். அதற்கு நம் சிபாரிசு தேவையில்லை.

நமக்கும் மரக்காணம் அருகே கழுவேலி இருக்கிறது. 2021-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. பூநாரையும் கூழைக்கடாவும் அங்கே வருகின்றன. ஆனால் சரணாலயத்தின் எல்லை நம் கொல்லைப்புறம் வரை நீளாதே! அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் ஆயா வீட்டுப் புளியமரத்தில் கொக்குகள் அடைகின்றன. காயப்போட்ட துணியெல்லாம் எச்சம் என்று, ஆயா மரத்தை வெட்ட ஆள் சொல்லிவிட்டார். நான் அழுதும் பயனில்லை. பிறகு பருத்தித் தலையணை உறையில் ஒரு கொக்கைப் பூவேலை செய்து கொடுத்தேன். "கால் கோணலாயிருக்கே" என்றார். ஆனாலும் அந்த உறையை அண்டை வீட்டாருக்கெல்லாம் காட்டினார்.

ஆகவே இவ்வாண்டு கம்பளி வேண்டாம். பருத்திக் கைக்குட்டையில் நம் நாரைகளைத் தைப்போம். கட்டத்தாளில் மூன்று மாதிரிகள் வரைந்து வைத்திருக்கிறேன். கால் இம்முறை நேராகவே வந்திருக்கிறது.

புளியமரம் இன்னும் நிற்கிறது. அடுத்த ஆண்டைப் பற்றி ஆயா வாய் திறக்கவில்லை.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி