அடுத்தவன் தோத்தாதான் நாம உள்ளே போவோமா?

சென்னையின் எஃப்சி ரசிகனுக்கு ஒரு வியாதி உண்டு. பேரு "ப்ளே-ஆஃப் கணக்கு". லீக் முடிய நாலு மேட்ச் இருக்கும்போது ஆரம்பிக்கும். அவன் தோக்கணும், இவன் டிரா பண்ணணும், நாம ரெண்டு ஜெயிக்கணும்...

போதும்டான்னா உடனே 2015ஐ எடுத்து நீட்டுவானுங்க. கடைசி இடத்துல கிடந்த டீம், மிச்சமிருந்த நாலு லீக் மேட்சையும் ஜெயிச்சது. சென்னை வெள்ளத்தால அரையிறுதி ஹோம் மேட்சை புனேல போய் ஆடினது. ஃபைனல்ல கோவாவை கோவாவுலயே 3-2னு சாய்ச்சது. மென்டோசா மட்டும் அந்த சீசன்ல 13 கோல். மறக்க முடியுமா? ஆனா அதையே எத்தனை வருஷம் வச்சு ஓட்டுறது?

2020 ஃபைனல்ல தோத்த பிறகு மூணு சீசன் தொடர்ந்து எட்டாவது இடம். (எங்க கிளாஸ் கடைசி பெஞ்ச்சுக்குக் கூட ரேங்க் அப்பப்ப மாறும் :-)) 2023-24ல பன்னிரண்டு டீம்ல ஆறு டீமுக்கு ப்ளே-ஆஃப், அதாவது பாதிப் பேருக்கு! அதுலயும் ஈஸ்ட் பெங்கால் பஞ்சாப்கிட்ட தோத்த பிறகுதான் நமக்கு இடம் உறுதியாச்சு. அதுக்குப் பட்டாசு வேற. பத்தே நாள்ல கோவா 2-1னு வீட்டுக்கு அனுப்பிச்சு. அடுத்த சீசன் பதினொண்ணாவது இடம்.

களமருதூர்லேர்ந்து உளுந்தூர்பேட்டை போய், சென்னை பஸ் புடிச்சு நேரு ஸ்டேடியம் வர்றவன் நம்ம டீம் கோல் அடிக்கிறதைப் பார்க்கத்தான் வர்றான். கொல்கத்தா ஸ்கோரை மொபைல்ல பார்க்க வீட்லயே இருந்துக்கலாமே? ஆறாவது இடத்துக்கு விசில் அடிக்கிற வரைக்கும் நமக்கு ஆறாவது இடம்தான் கொடுப்பாங்க. முதல் நாலுக்குள்ள வரலைன்னா திட்டுங்கப்பா, தப்பே இல்லை.