கணக்கு நமது, திறவுகோல் எவரது?

உழைத்து ஈட்டியவன் தன் கணக்கைத் தானே காணப் பிறன் வாயிலில் காத்துக் கிடப்பதினும் இழிவு வேறுண்டோ? உலகெங்கும் வணிக நிறுவனங்கள் இன்று அந்நிலையில்தான் உள்ளன. அன்று பேரேடு கடைப் பெட்டிக்குள் இருந்தது. இன்றோ விற்பனை, இருப்பு, வரவு செலவு யாவும் முகில் மென்பொருளில், அஃதாவது பிறர்தம் கணிப்பொறிகளில், குடிக்கூலிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஆங்கே எழுத விடுவர். தரவுக் களத்தைப் பெரும்பாலும் நேரே படிக்க விடார். அவர் திறந்து வைத்த வாயில் வழியே, எண்ணி அளந்த அழைப்புகளால் மட்டுமே கேட்டல் வேண்டும்.

'உடனுக்குடன் அறிக்கை வேண்டும்' என்று தலைவர் பணிப்பார். பணியாளரோ மணிக்கொரு முறை முழுக் கணக்கையும் அள்ளத் தொடங்குவர். அழைப்பளவு தீரும், அறிக்கையும் நிற்கும். இஃது அறியாமை. முறையான வழி வேறு. முழுமையையும் ஒருகால் படியெடுத்துத் தம் களஞ்சியத்தில் வைத்தல் வேண்டும். பின்னர் மாறியவற்றை மட்டும் வரிசை பிறழாது பெற்று அப்படியில் சேர்த்தல் வேண்டும். ஆங்கே நீக்கப்பட்டவை ஈங்கும் நீங்குதல் வேண்டும். இரவுதோறும் இருபுறத்து எண்ணிக்கையும் தொகையும் ஒத்துப் பார்த்தல் வேண்டும். எந்த மணி வரையிலான கணக்கு என்பதை அறிக்கையின் தலையிலேயே பொறித்தல் வேண்டும். சில மணித்துளித் தாழ்வு குற்றமன்று. அதனை மறைத்தலே குற்றம்.

ஆயின், வழி அறிந்தும் தாழ் எவர் கையில்? சேல்சுபோர்சு தன் மாற்றச் செய்திகளை 72 மணி நேரமே வைத்திருக்கும். நம் பொறி நான்கு நாள் நின்றால், இழந்தவற்றை அவ்வழியே பெறவியலாது. மைக்ரோசாப்டு, தன் நிதி வணிக மென்பொருளினின்று பயன்கொள்வோர் களஞ்சியத்திற்குப் படியெடுத்து அனுப்பிய ஏந்து ஒன்றை 2024 நவம்பர் 1-இல் நிறுத்தி, வேறு இணைப்பைக் காட்டிற்று. பழையதை நம்பிக் கட்டியோர் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. நுட்பம் மாறுதல் தவறென்கிலோம். நாள் குறிப்பவர் அவர், கூலி கொடுப்பவர் நாம் என்பதே நம் வழக்கு!

'பொறியைக் காக்க அளவு வேண்டாவோ?' என்பர் சிலர். வேண்டும். அளவு வேறு, அடைப்பு வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் இதன் ஒரு கூற்றை உணர்ந்தது. 2025 செப்தம்பர் 12 முதல் செயற்படும் அதன் தரவுச் சட்டம், முகில் மாறுவோர் தம் தரவை எடுத்துச் செல்ல உரிமை தருகிறது. 2027 சனவரி 12 முதல் மாறுதற்குக் கட்டணமே கூடாதென்கிறது. நன்று! ஆயினும் அது வெளியேறும் நாளுக்குரிய உரிமை. அன்றாடம் படிக்கும் உரிமையை உடன்படிக்கையில் எழுதித்தான் பெறல் வேண்டும்.

ஆகலின், கையொப்பமிடுமுன் மூன்று கேண்மின்! மாற்றங்களை இடையறாது பெறும் உரிமை உண்டா? அதற்குத் தனிக்கூலி எவ்வளவு? வழியை அடைப்பதாயின் எத்துணைத் திங்கள் முன்னர் அறிவிப்பர்? விடை எழுத்தில் இல்லையேல், எழுதுகோலை மூடி வைம்மின்! திரையின் பளபளப்பு உரிமையாகாது. கையிலுள்ள படியே உரிமை.